ஆட்டோ கியரும் அகலக் குழாயும்

பினாங்குத் தீவையும் பிறைக் கரையையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டதும், மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா சாலைக்கு வந்ததும் 1985-ஆம் ஆண்டில்தான். அன்றைய பிரதமர் மகாதீர் முகமது சிவப்பு நிறச் சாகா ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தார். அந்நாளைய சாகாவின் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டியது கார்புரேட்டர்; கியரை மாற்றியது பெரும்பாலும் ஓட்டுபவரின் இடக்கை. ஆகையால் காரின் வேகத்தைக் கூட்ட ஆசைப்பட்ட ஓர் இளைஞர், ஜெலுத்தோங் பக்கத்துப் பட்டறை ஒன்றில், கார்புரேட்டரின் திருகுகளைக் காதால் கேட்டே சரிசெய்யவல்ல பழைய மெக்கானிக்கிடம் காரை ஒப்படைத்து, பின்புறத்தில் சற்றே பெரிய சைலன்சர் ஒன்றையும் மாட்டிக்கொண்டாரானால், எஞ்சின் எந்தச் சுழற்சியில் உற்சாகமாக இழுக்கிறதோ அந்தச் சுழற்சியிலேயே அதை நிறுத்திவைத்து ஓட்டும் சுதந்திரம் அவர் கையில் இருந்தது.

இன்று அந்தச் சுதந்திரம் கியர்பாக்ஸுக்குக் கைமாறிவிட்டது. பாலத்தின் காலை நெரிசலிலும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலையை நோக்கி ஊர்கின்ற வாகன வரிசையிலும் இடக்காலைக் கிளச்சின்மேல் வைத்து நோகடித்துக்கொள்ள விரும்பாத ஜனங்கள் ஆட்டோ காடியை, அதாவது தானே கியர் மாற்றிக்கொள்ளும் காரை, நாடியது இயற்கையே. 2014-இல் ஆட்டோ காடி மட்டும் ஓட்டுவதற்கென்றே ஒரு தனி உரிமப் பிரிவைச் சாலைப் போக்குவரத்து இலாகா ஏற்படுத்தியது. ஆனால் பட்டறைச் சுவரில் தொங்கும் பளபளப்பான புகைக்குழாய்களும், அவற்றை வாங்க வருவோரின் மனோபாவமும் மட்டும் கை கியர்க் காலத்திலேயே நின்றுவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

எஞ்சினிலிருந்து புகை இடைவிடாத ஓர் ஓட்டமாக வெளியேறுகிறது என்று எண்ணுவதே இவ்விஷயத்தில் நேரும் பிழைகளுக்கெல்லாம் மூலம். உண்மையில் அது துடிப்புத் துடிப்பாக வெளிவருகிறது. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் உஷ்ண வாயு மிகுந்த அழுத்தத்தோடு குழாயினுள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் பின்னே அழுத்தம் குறைந்த ஓர் அலை தோன்றுகிறது. அந்த அலை, உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் வந்து சேருமானால், சிலிண்டரில் தங்கிவிட்ட பழம்புகையை உறிஞ்சியெடுத்து, புதுக்காற்று நுழைவதற்கு இடம் செய்து கொடுக்கிறது. குழாய் குறுகலாயின் வாயுவின் வேகம் மிகும். குறைந்த சுழற்சியிலும் இந்த உறிஞ்சல் செவ்வனே நடைபெறும். ஆனால் எஞ்சின் வெகுவேகமாகச் சுழலும்போது மூச்சுத் திணறும். அகலமாயின் இவை யாவும் மறுதலையாகும். 'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்' என்று மெக்கானிக்குகள் சொல்வதன் உட்பொருளும் இதுவே. எதிரழுத்தம் எந்த எஞ்சினுக்கும் வேண்டியதில்லை; வாயுவின் வேகம் குன்றாதிருப்பதுதான் வேண்டும். எஞ்சினை ஒட்டி மாட்டப்படும் எக்ஸ்ட்ராக்டரில், நான்கு குழாய்களை நேராக ஒன்றாக்குவது மேல் சுழற்சிக்கு உகந்தது என்றும், ஒன்று–நான்கு, இரண்டு–மூன்று என்று சிலிண்டர்களை ஜோடி சேர்த்து, முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் இணைப்பது நடுச் சுழற்சிக்கு உகந்தது என்றும் கூறப்படுவதும் இந்தக் கணக்கைப் பற்றியதே.

ஆகவே அகலக் குழாயானது சக்தியைப் புதிதாகப் பிறப்பிப்பதைக் காட்டிலும், அது பிறக்கும் இடத்தை மேலே நகர்த்துகிறது. பினாங்கில் எந்தத் தெருவிலும் காணக்கிடைக்கும் 2017-ஆம் ஆண்டு பெரோடுவா மைவியின் 1.5 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சக்தி 102 குதிரைத்திறன். அது கிடைப்பதோ நிமிஷத்துக்கு 6000 சுழற்சியில். இத்தகைய எஞ்சினில் பின்புறச் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் இரண்டு மூன்று குதிரைத்திறனைத் தாண்டாது. அதுவும் அந்த உச்சத்தை அண்டினால்தான். விடியற்காலை 24 டிகிரியில் இருந்த காற்று நடுப்பகலில் 33 டிகிரியை எட்டும்போது அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்துவிடுகிறது என்பதையும், கடலோர ஈரப்பதம் பிராணவாயுவின் பங்கை இன்னும் சற்றுக் குறைக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால், பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய அந்த லாபத்தில் பெரும்பகுதியை மதிய வெயிலே விழுங்கிவிடக் கூடும் என்பது புலப்படும்.

இனி, ஆட்டோ கியரின் தன்மைக்கு வருவோம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளச்சுக்குப் பதிலாக அமர்ந்திருக்கும் டார்க் கன்வர்ட்டர் என்ற சாதனத்தின் மூலத் தத்துவத்தை 1905-இல் வகுத்தவர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர். கப்பல்களின் நீராவிச் சுழலிகளுக்காகவே அவர் அதை உத்தேசித்தார். எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டுக்குள் எதிரெதிரே அமைந்த இரண்டு சுழலிகளில் ஒன்றை எஞ்சின் சுழற்ற, அது வீசியெறியும் எண்ணெய் மற்றதைச் சுழற்றுகிறது. கார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இதில் முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகுகிறது. அதனால் அகலக் குழாய் மாட்டியவருக்குப் புறப்படும் அந்த முதல் கணத்தில் குறையொன்றும் தெரிவதில்லை. கன்வர்ட்டர் எஞ்சினைச் சற்று மேலே சுழலவிட்டு அதன் பலவீனத்தை மறைத்துவிடுகிறது. குறை வெளிப்படுவது அதற்குப் பிறகு. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுக் கியர்பாக்ஸ் கூடிய விரைவில் மேல் கியருக்கு ஏறி, கன்வர்ட்டரையும் பூட்டிவிட்டு, எஞ்சினை 1500-க்கும் 2500-க்கும் இடையிலேயே வைத்திருக்கப் பார்க்கிறது. அகலக் குழாய் பறித்துக்கொண்டதும் அந்த இடத்துப் பிக்கப்பைத்தான். காலடியில் வேகம் போதாமையால் ஓட்டுபவர் பெடலை மேலும் அழுத்துகிறார், கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு இறங்குகிறது, எஞ்சின் கூச்சலிடுகிறது, வேகம் வந்துவிட்டதென்று அவர் மகிழ்கிறார், பெட்ரோல் முள் மட்டும் வேறு கதை சொல்கிறது.

துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் பூலாவுக்கு மலையேறியவர்கள் இதை நன்கு அறிவார்கள். கை கியர் உள்ளவர் வளைவு வருமுன்பே கீழ் கியருக்கு இறங்கி ஆயத்தமாகிவிடுவார். கியர்பாக்ஸுக்கோ முன்னே வளைவிருப்பது தெரியாது. பெடல் அழுத்தப்பட்ட பிறகே யோசிக்கத் தொடங்கும். நடுச் சுழற்சியில் பலமிழந்த எஞ்சினோடு அது மேலும் கீழுமாகக் கியர் தேடிக்கொண்டே ஏறும்போது, உள்ளிருக்கும் எண்ணெயின் உஷ்ணமும் சேர்ந்து ஏறுகிறது.

பாலத்தில் நேர்வது வேறொரு தொல்லை. அங்கே வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில், மேல் கியரில், நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 2000 சுழற்சியளவில் ஓடுவதாகக் கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 67 துடிப்புகள் குழாய்க்குள் பாய்கின்றன. காதைவிட நெஞ்சில் அதிகமாக உணரப்படும் அடிக்குரல் சப்தம் அது. சப்தத்தைத் தணிக்க நடுவிலிருந்த ரெசொனேட்டரைக் கழற்றி நேர்க்குழாய் வைத்துவிட்டால், காரின் உட்கூடே அந்த நாதத்துக்குச் சுருதி சேர்ந்து அதிரத் தொடங்கிவிடும். பாலத்தைக் கடக்கும் பத்து நிமிஷமும் அதிலிருந்து விமோசனமில்லை. கை கியர் உள்ளவர் ஒரு கியர் மாற்றியாவது தப்பலாம். ஆட்டோ ஓட்டுபவரின் கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியையே விரும்பிப் பற்றிக்கொண்டிருக்கும்.

எஃகு வார் ஒன்றைக் கொண்டு கியர் விகிதத்தை ஓயாமல் மாற்றிக்கொள்ளும் சி.வி.டி. வகைக் கார்களில் இது இன்னும் மோசம். முழுவேகம் எடுக்கும்போதுகூட எஞ்சின் ஒரே ஸ்தாயியில் நின்று ஓலமிடும். ஒரே பெயருள்ள காரிலேயே கியர்பாக்ஸின் ஜாதி மாறிவிடும் என்பதையும் இங்கே நினைவில் வைத்தல் நலம். சாகாவில் சி.வி.டி. இருந்தது, 2019-இல் அது நீக்கப்பட்டு நான்கு கியர் ஆட்டோ வந்தது. மைவியில் நான்கு கியர் ஆட்டோ இருந்தது. 2021-இல் அது போய்ச் சி.வி.டி. வந்தது. ஆகையால் 'அண்ணன் காடியில் போட்டார், நன்றாக இருக்கிறது' என்ற சாட்சியம் ஒரே மாடலுக்குள்ளும் செல்லுபடியாகாது.

குழாயைவிடக் கவனமாக அணுக வேண்டியது, எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ.வை மாற்றி எழுதும் ரீமேப். எஞ்சினின் கணினியும் கியர்பாக்ஸின் கணினியும் ஓயாமல் பேசிக்கொள்பவை. இந்தக் கணத்தில் இவ்வளவு முறுக்குவிசை தருகிறேன் என்று முன்னது அறிவிக்க, அதற்கேற்ற எண்ணெய் அழுத்தத்தைப் பின்னது கிளச்சுத் தட்டுகளின்மீது செலுத்துகிறது. கியர் மாறும் தறுவாயில் சற்றே பலத்தைக் குறைத்துக்கொள் என்று பின்னது கேட்க, முன்னது தீப்பொறியைத் தாமதப்படுத்தி இணங்குகிறது. சென்சார்களை ஏமாற்றிப் பலத்தைக் கூட்டும் மலிவான பிக்கிபேக் பெட்டி ஒன்றை நடுவில் செருகினால், அறிவிப்பு ஒன்றாகவும் வரும் பலம் வேறாகவும் ஆகிவிடும். அழுத்தம் போதாத தட்டுகள் வழுக்கித் தேய்ந்து, எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசும். டர்போ இல்லாத எஞ்சினில் கூடும் பலமே சொற்பம் என்பதால் இந்த அபாயமும் சொற்பம். 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50 போன்ற டர்போ கார்களின் நிலை வேறு. டர்போவுக்குப் பின்னேயுள்ள குழாயை அகலமாக்குவது அங்கே மெய்யாகவே பலனளிக்கும். ரீமேப் இன்னும் அதிகமாகவே அளிக்கும். அதனாலேயே, ஏழு கியர் இரட்டைக் கிளச்சு கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்ற கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. தீப்பொறியை முன்தள்ளி எழுதிய ரீமேப்புக்கு ரோன் 97 பெட்ரோல்தான் வேண்டும் என்றால், உதவித்தொகையோடு விற்கப்படும் ரோன் 95-க்கும் அதற்குமுள்ள விலை வித்தியாசத்தை ஒவ்வொரு முறை டாங்கி நிரப்பும்போதும் செலுத்த வேண்டியிருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. வாகனச் சப்தத்துக்கு வரம்பு விதிக்கும் சுற்றுச்சூழல் விதிகள் 1987 முதலே இந்நாட்டில் அமலில் உள்ளன. அதே ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இலாகா அதிகாரிகள் வண்டியை நிறுத்திப் பரிசோதிக்கவும் கூடும். புகையின் நச்சை முறிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இன்றைய கார்களில் விரைவாகச் சூடேறும் பொருட்டு எஞ்சினை ஒட்டியே பொருத்தப்படுவதால், எக்ஸ்ட்ராக்டர் மாட்ட ஆசைப்படுபவர் பல சமயங்களில் அதையும் சேர்த்தே இழக்க நேரிடுகிறது. அதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல எஞ்சினின் நாதத்தை வெறுப்பவன் அல்லன் நான். ஆனால் ஜார்ஜ் டவுனின் லெபோ பாசார் போன்ற தெருக்களில், இருபுறமும் கடைவீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில், அந்த நாதம் சுவருக்குச் சுவர் மோதிப் பெருகி மாடியில் உறங்கும் குழந்தையைத் தட்டியெழுப்புவதில் எந்த ரசனையும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஆட்டோ காடியில் கைவைக்கத் துணிந்தவர், முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி, ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கவனித்துவிட்டு, அப்போதும் ஆசை தீராவிட்டால், உள்விட்டம் பெரிதும் மாறாத, ரெசொனேட்டரோடு கூடிய குழாயைத் தேர்ந்தெடுக்கலாம். சக்தியை அளக்கும் டைனோ கருவியின் வரைபடத்தைக் காட்டும் பட்டறையில் உச்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பதைவிட, 1500 முதல் 3000 சுழற்சிவரை பழைய கோடும் புதிய கோடும் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அளக்கும்போது கன்வர்ட்டர் பூட்டப்பட்டிருந்ததா, எந்தக் கியரில் அளந்தார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். பூட்டாத கன்வர்ட்டர் முறுக்குவிசையைப் பெருக்கிக் காட்டிவிடும். இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்கிற பட்டறையில் காரை விட்டுவரத் தேவையில்லை.