அளவறிந்து நாணிழுத்தல்: கொம்பவுண்ட் வில்லின் இழுவை நீளமும் சக்தியும்

மாணவர்களே, க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞான பாடத்தில் வேலை, சக்தி, விசையின் திருப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவை மூன்றும் ஒரே கருவியில் ஒன்றுசேர்ந்து செயற்படுவதைக் காண்பதற்கு வில் மிகச் சிறந்த உதாரணமாகும். பட்டத்தில் விண் பூட்டும்போது அதன் தடி வளைந்து இழுபட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கெற்றப்போலின் றப்பரை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். வளைந்த அல்லது இழுபட்ட மீள்தன்மைப் பொருளில் அழுத்த சக்தி சேமிக்கப்படுகிறது. வில்லின் தத்துவமும் இதுவே.

1. கொம்பவுண்ட் வில் என்பது யாது?

சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்க, தேவையான விசையும் கூடிக்கொண்டே செல்லும். முழுமையாக இழுத்துக் குறிபார்க்கும் வேளையிலேயே கை மிகப் பெரிய விசையைத் தாங்க வேண்டியிருக்கும். இக்குறையை நீக்கும் வகையில், வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சில்லுகளையும் அவற்றை இணைக்கும் வடங்களையும் கொண்ட வில்லை அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலஸ் வில்பர் அலன் உருவாக்கினார். 1966 இல் விண்ணப்பிக்கப்பட்ட இதன் காப்புரிமை 1969 இல் வழங்கப்பட்டது. இதுவே கொம்பவுண்ட் வில் எனப்படும்.

1995 முதல் உலக வில்வித்தைச் சம்பியன்சிப் போட்டிகளிலும் 2014 முதல் ஆசிய விளையாட்டு விழாவிலும் இவ்வில் இடம்பெற்று வருகின்றது. 2022 ஆம் ஆண்டுக்குரியதாயினும் 2023 இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், இந்தியாவின் ஜோதி சுரேகா வென்னம் இவ்வில்லைக் கொண்டு 3 தங்கப் பதக்கங்களை வென்றார். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டுள்ளது.

2. சில்லு செய்யும் வேலை

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நீரிறைத்த துலாவை நினைத்துப் பாருங்கள். சுழலும் அச்சிலிருந்து தூரம் கூடும்போது சிறிய விசையே பெரிய திருப்பத்தைத் தரும்.

விசையின் திருப்பம் = விசை × அச்சிலிருந்து விசைக்குள்ள செங்குத்துத் தூரம்

கிணற்றுக் கப்பி வட்டமானது. அதன் அச்சு நடுவில் உள்ளது. எனவே கயிற்றுக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை. கொம்பவுண்ட் வில்லின் சில்லில் அச்சு நடுவில் இல்லாமையால், சில்லு சுழலும்போது அத்தூரமும் மாறுகிறது. இழுக்கத் தொடங்கும்போது நாணின் பக்கத் தூரம் சிறிது. ஆகவே விசை விரைவாக உயர்கின்றது. முடிவில் நாணின் பக்கத் தூரம் பெரிதாகி, வடத்தின் பக்கத் தூரம் சிறிதாகின்றது. ஆகவே சிறிய விசையால் நாணைப் பிடித்து வைத்திருக்க முடிகிறது. இவ்வாறு விசை குறைவதை விசைத் தளர்வு என்போம். இது பொதுவாக 65% – 85% வரை இருக்கும்.

உயர் இழுவிசை 200 நியூற்றன், விசைத் தளர்வு 75% எனின், முழு இழுப்பில் தாங்க வேண்டிய விசை 50 நியூற்றன் மட்டுமே. அதாவது 20 கிலோகிராம் திணிவின் நிறைக்குப் பதிலாக 5 கிலோகிராம் திணிவின் நிறையைத் தாங்கினாற் போதும்.

3. இழுவை நீளம் ஏன் முக்கியமானது?

தளர்வு கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. அதைக் கடந்தால் சில்லு மேலும் சுழலாது. சுவரில் முட்டியது போல நாண் நின்றுவிடும். எனவே சாதாரண வில்லைப் போல வெவ்வேறு உயரமுள்ளவர்கள் ஒரே அமைப்பிலுள்ள கொம்பவுண்ட் வில்லைப் பயன்படுத்த முடியாது. வில்லை ஆளுக்கேற்ப அமைக்க வேண்டும்.

முழு இழுப்பில், அம்பின் வாற்பிளவு நாணைத் தொடும் புள்ளியிலிருந்து வில்லின் பிடியிலுள்ள மிக ஆழமான புள்ளி வரையான தூரத்துடன் 1¾ அங்குலத்தை (ஏறத்தாழ 4.4 செ.மீ.) கூட்டினால் வருவதே நியம இழுவை நீளமாகும்.

*இழுவை நீளம் கூடினால்:* தலை பின்னே சாயும். வில் பிடிக்கும் தோள் மேலெழும். நாண் முன்கையில் அடித்துக் காயப்படுத்தலாம். தளர்வு நிலையை எட்டமுடியாமல் பெரிய விசையைத் தாங்கியபடியே எய்ய நேரிடும்.

*இழுவை நீளம் குறைந்தால்:* முழங்கை மடிந்து உடல் குறுகி நிற்கும். முதுகுத் தசைகள் சரிவரப் பயன்படா. அம்புக்குக் கிடைக்கும் சக்தியும் குறையும்.

4. அளக்கும் முறை

படி 1: சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்கவும். இரு கைகளையும் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் இயல்பாக நீட்டவும். வலிந்து நீட்டக் கூடாது.
படி 2: ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றைய நடுவிரல் நுனி வரையுள்ள தூரத்தை வேறொருவர் அளக்க வேண்டும்.
படி 3: அவ்வளவை 2.5 ஆல் வகுக்கவும்.

உதாரணம்: நல்லூரிலுள்ள மாணவி ஒருத்தியின் கைவிரிப்பு 165 செ.மீ. எனின்,
இழுவை நீளம் = 165 ÷ 2.5 = 66 செ.மீ. (ஏறத்தாழ 26 அங்குலம்)

2.5 என்பது ஒரு விகிதம்; அதற்கு அலகு இல்லை. ஆகவே அங்குலத்தில் அளந்தால் விடை அங்குலத்திலும், சென்ரிமீற்றரில் அளந்தால் விடை சென்ரிமீற்றரிலும் கிடைக்கும்.

இது ஓர் அண்ணளவு மாத்திரமே. பயிற்றுநர் முன்னிலையில் வில்லை இழுத்துப் பார்த்தே இறுதி அளவு தீர்மானிக்கப்படும். தலை நிமிர்ந்திருத்தல், நாண் மூக்கு நுனியை மெதுவாகத் தொடுதல், இழுக்கும் முன்கை அம்பின் நேர்கோட்டில் அமைதல் ஆகியன சரியான அளவின் அடையாளங்களாகும்.

சூத்திரம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இந்தியாவின் சீத்தல் தேவி சான்றாவார். பிறவியிலேயே கைகளற்ற இவர், வில்லைக் காலாற் பிடித்து, தோளால் இழுத்து எய்கிறார். இவருக்குக் கைவிரிப்பை அளக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் இவரது உடலமைப்புக்கும் எய்யும் முறைக்கும் ஏற்ப வில் அமைக்கப்பட்டமையால், 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. கருவிக்காக உடலை வளைப்பதன்று, உடலுக்கேற்பக் கருவியை அமைப்பதே முறை.

5. கணித்துப் பார்ப்போம்

மேற்படி மாணவியின் வில்லில் நாண் பின்னோக்கி நகரும் தூரம் 0.45 மீற்றர் என்க. விசை முதல் 0.10 மீற்றரில் 0 இலிருந்து 200 நியூற்றனுக்கு உயர்ந்து, அடுத்த 0.25 மீற்றரில் மாறாதிருந்து, இறுதி 0.10 மீற்றரில் 50 நியூற்றனாகக் குறைகிறது எனக் கொள்வோம். விசை – இடப்பெயர்ச்சி வரைபின் கீழுள்ள பரப்பளவு செய்யப்பட்ட வேலையைத் தரும்.

முக்கோணம்: ½ × 200 × 0.10 = 10 யூல்
செவ்வகம்: 200 × 0.25 = 50 யூல்
சரிவகம்: ½ × (200 + 50) × 0.10 = 12.5 யூல்
மொத்தம் = 72.5 யூல்

விசை சீராக 200 நியூற்றன் வரை உயரும் சாதாரண வில்லில் இது ½ × 200 × 0.45 = 45 யூல் மட்டுமே.

சேமித்த சக்தியில் 80% அம்பைச் சேர்கிறது எனின், அம்பின் இயக்க சக்தி 58 யூல். அம்பின் திணிவு 0.025 கிலோகிராம் எனின்,
½ × 0.025 × (வேகம்)² = 58
வேகம் = செக்கனுக்கு ஏறத்தாழ 68 மீற்றர்

இழுவை நீளம் 2.5 செ.மீ. குறைந்து, விசை மாறாதிருக்கும் பகுதி அவ்வளவால் சுருங்கினால், இழக்கப்படும் வேலை 200 × 0.025 = 5 யூல். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 65.7 மீற்றராகக் குறையும். வளித்தடையைப் புறக்கணித்தால், 50 மீற்றர் தூரத்தில் அம்பு ஏறத்தாழ 20 செ.மீ. கீழே படும். போட்டி இலக்கிலுள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டமோ 8 செ.மீ. மட்டுமே. குறிகாட்டியை நகர்த்தி இவ்வேறுபாட்டைச் சரிசெய்யலாம். ஆனால் பொருந்தாத வில்லால் நிலை தடுமாறும் உடலைக் குறிகாட்டியாற் சரிசெய்ய முடியாது.

6. விடையளிக்கும்போது கவனிக்க

• நாணை இழுத்து அசையாமற் பிடித்திருக்கும்போது இடப்பெயர்ச்சி இல்லை. ஆகவே நாணின் மீது செய்யப்படும் வேலை பூச்சியம். தசைகள் களைப்பது வேறு விடயம்.
• விசைத் தளர்வினால் சேமித்த சக்தி இழக்கப்படுவதில்லை. பிடித்திருக்கத் தேவையான விசையே குறைகிறது.
• அம்பின்றி நாணை ஒருபோதும் விடக்கூடாது. அம்பு கொண்டுசெல்ல வேண்டிய சக்தி வில்லிலேயே செலவாகி வில் உடையலாம், எய்பவரும் காயமடையலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஒருவரின் கைவிரிப்பு 170 செ.மீ. எனின், அவருக்குரிய அண்ணளவான இழுவை நீளம் யாது?
2. உயர் இழுவிசை 200 நியூற்றன், விசைத் தளர்வு 80% எனின், முழு இழுப்பில் தாங்க வேண்டிய விசை யாது?
3. அம்பு எய்யப்படும்போது நிகழும் சக்தி மாற்றத்தைக் குறிப்பிடுக.

விடைகள்: (1) 68 செ.மீ. (2) 40 நியூற்றன். (3) மீள்தன்மை அழுத்த சக்தியின் பெரும்பகுதி அம்பின் இயக்க சக்தியாக மாறும். எஞ்சியது வில்லின் அதிர்வு, ஒலி, வெப்பம் ஆகியனவாக வெளிப்படும்.