சாயாத தடைகள்

2022 ஆகஸ்ட், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி. 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட்டை ஒட்டியே வந்தார் அவினாஷ் சாப்லே. கிபிவோட் எடுத்துக்கொண்டது 8 நிமிடம் 11.15 நொடி, சாப்லே 8 நிமிடம் 11.20. தங்கம் கைநழுவியது. ஆனால் 1998 முதல் இந்த ஓட்டத்தின் மூன்று பதக்கங்களையும் ஒவ்வொரு முறையும் கென்யர்களே அள்ளிப் போயிருந்தார்கள். அந்த வரிசைக்குள் முதலில் புகுந்தவர், இந்திய ராணுவத்தின் மஹார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இந்த வீரர்.

மகாராஷ்டிரத்தில் மழை பொய்க்கும் பீட் மாவட்டத்து மாண்ட்வா கிராமம் அவருடைய ஊர். ஏழை விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தள்ளி; பஸ் கிடையாது, நடையும் ஓட்டமுமாகப் போய் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். சியாச்சின் பனியிலும் ராஜஸ்தான் வெயிலிலும் சிக்கிமிலும் காவல் பணி. 2015-இல்தான், இருபது வயதைக் கடந்தபின், ராணுவ கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு வந்தார். உடம்பு கனத்திருந்தது, சில மாதங்களில் சுமார் 20 கிலோ குறைத்தார். ஸ்டீபிள்சேஸுக்கு அவரைத் திருப்பியவர் ராணுவப் பயிற்சியாளர் அம்ரிஷ் குமார்.

அது எப்படிப்பட்ட ஓட்டம்? ஏழு சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். வழியில் 28 தடைகள். அவை போக, ஏழு முறை தண்ணீர்க் குழியைத் தாண்ட வேண்டும். தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். இங்கே சாயாது, கனத்த கட்டை, மோதினால் விழுவது ஓடுபவர்தான். கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவர் குதிக்கும்வரை தடை கண்ணிலேயே படாது. நனைந்த காலணியோடு, சோர்ந்த கால்களோடு தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு இதில் தேசிய சாம்பியனாக விளங்கிய பான் சிங் தோமரும் ராணுவ வீரர்தான் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. தடை தாண்டுவது சிப்பாயின் அன்றாடப் பயிற்சி அல்லவா?

கோபால் சைனி 1981-இல் எட்டிய 8:30.88 என்ற தேசியச் சாதனையை 37 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 2018-இல் புவனேஸ்வரில் சாப்லே அதை முறியடித்தார். பிறகு தன் சாதனையைத் தானே மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். 2024 ஜூலையில் பாரிஸ் டைமண்ட் லீக்கில் அவர் ஓடிய நேரம் 8:09.91. ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய 21 நொடி!

ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தின் இறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்திய ஆண் வீரரும் அவரே. அங்கே பதினோராம் இடம். 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் தங்கம். அதே ஆண்டு ஜூலையில் மொனாக்கோ டைமண்ட் லீக்கில், தண்ணீர்க் குழியில் தடுமாறி விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்தது. செப்டம்பரில் டோக்கியோவில் உலக சாம்பியன்ஷிப் அவர் இல்லாமலே நடந்தது.