மடங்கிய தண்டை வெட்டாதீர்கள்
கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. செடிக்கு மேலுள்ள வளர்ப்பு விளக்கை நகர்த்தும்போது தண்டு மடங்கினால் பலர் பதறிக் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். அது அவசரம். பட்டை ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தால் நீரும் உணவும் செல்லும் வழி முழுதும் அறுபடவில்லை. நிமிர்த்தி, குச்சி வைத்து, நாடாவால் கட்டினால் காயத்தின் விளிம்புச் செல்கள் பெருகிப் பிளவை மூடும். பயிற்சியுள்ளவர்கள் வேண்டுமென்றே தண்டை நசுக்கி மடக்குவதுண்டு. அந்த இடம் முடிச்சாகத் தடித்துவிடுகிறது.

காயம் பூஞ்சைக்கு வாசல் ஆகாதா? ஆகலாம், நியாயமான அச்சம்தான். ஆனால் வெட்டினாலும் மிஞ்சுவது திறந்த காயமே. கட்டிய இடம் கறுத்து அழுகினால் மட்டும், அதற்குக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டுவது சரி.