பட்டியலில் இல்லாத பதினைந்து பேர்

ஆட்டம் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போது அணிப் பட்டியல் வெளியாகும். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம் என்றால் அதில் 20 பெயர்கள்: களமிறங்கும் பதினொருவர், பெஞ்சில் ஒன்பது பேர். ஆனால் 2020-21 பருவத்து விதிப்படி ஒரு கிளப் 35 பேர் வரை பதிவு செய்துகொள்ளலாம். முழு எண்ணிக்கையும் நிரம்பிய அணியில் மிச்சம் பதினைந்து பேர். அதில் சிலருக்குக் காயம், ஒருவருக்குத் தடை. மற்றவர்கள் நல்ல உடல்நிலையோடு, வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு, அன்று மாலை சாதாரண டி-ஷர்ட்டில் கேலரியில் உட்கார்ந்திருப்பார்கள். பருவம் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற பேச்சு எழும்போது முதலில் அடிபடுவது இவர்கள் பெயர்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மாமல்லபுரத்தில்தான் எஃப்.சி. மெட்ராஸ் கிளப்பின் உண்டு உறைவிட அகாடமி இருக்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் உருவாக்கியது. பல ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்த பையன்கள் அங்கேயே தங்கிப் படித்து ஆடுகிறார்கள். பதினான்கு வயதில் வீட்டை விட்டு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் கிடைத்த பையனுக்கு அந்த அலமாரிச் சாவிதான் எதிர்காலம். அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்கும் முடிவை எந்த அகாடமியும் எப்போதாவது எடுத்தே ஆகவேண்டும். அது எப்படி எடுக்கப்படுகிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

டிரயல்ஸ் நடக்கும் மைதானத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பையன்களுக்கு முதுகில் எண் ஒட்டி, இரண்டு நிறத்தில் பிப் கொடுத்து, சின்ன மைதானத்தில் அணிக்கு ஏழு பேராக ஆட விடுவார்கள். கோல் போட்டவனைப் பார்த்து அப்பாக்கள் கைதட்டுவார்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவரின் கண் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். பந்து காலுக்கு வருவதற்கு முன் பையன் தோளைத் திருப்பிப் பின்னால் ஒரு முறை பார்த்தானா? பந்தைப் பறிகொடுத்ததும் தலையில் கை வைத்து நின்றானா, திரும்பி ஓடினானா? கூட இருப்பவனைக் கூப்பிட்டுப் பேசுகிறானா? நடுவில் சத்தமில்லாமல் ஒருவனுடைய பிப் நிறத்தை மாற்றி, இன்னும் வலுவான பக்கம் ஆடச் சொல்வார்கள். அங்கே அவன் ஆட்டம் சுருங்குகிறதா, ஈடுகொடுக்கிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை.

இது உள்ளே எடுக்கிற கதை. வெளியே அனுப்புவது வேறு கணக்கு. திறமைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரே இடத்துக்கு நான்கு பேர் இருக்கிறார்களா, ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, முழங்கால் எப்படி, வயது என்ன, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் பெயரை அடிக்க வைக்கிறது. மூன்றாவது கோல்கீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க ஒரு நிமிடம்கூட ஆடாமல் இருக்கலாம். ஆனால் பதிவில் குறைந்தது மூன்று கோல்கீப்பர்கள் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அவர் இடம் பத்திரம். அவரைவிட நன்றாகப் பந்தாடும் ஐந்தாவது விங்கருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதேபோல் வலது பேக், இடது பேக், தேவைப்பட்டால் நடுக்களம் என்று மூன்று இடத்தில் ஓரளவுக்கு ஆடத் தெரிந்தவர், ஒரே இடத்தில் அபாரமாக ஆடும் இளைஞரைத் தாண்டி நிலைத்துவிடுவார். பயிற்சியாளர் பாரபட்சம் பார்க்கிறார் என்று ரசிகர்கள் கொதிப்பார்கள். பெஞ்சில் ஒன்பது இடம்தான் என்றால் மூன்று ஓட்டையை அடைக்கும் ஒருவரை விட்டுவிட எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது.

விதி மாறினால் தலையெழுத்தும் மாறும். 2021-22இல் களத்தில் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தார்கள். அப்போது லீகில் 11 அணிகள். ஒரே நாளில் 11 இந்தியர்களுக்குக் களத்தில் இடம் திறந்தது. அதற்கு முந்தைய வருடம் "போதாது" என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் அடுத்த வருடம் "தேவை" ஆகிவிட்டார். நடுவில் அவர் கால் மாறவில்லை. ஆட்டத்தன்று அணியில் குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட வளரும் வீரர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். அந்த வயது வரம்புக்குள் இருக்கும்வரை பையனுக்குத் தனி மதிப்பு. வரம்பைத் தாண்டிய பருவத்தில், முப்பது வயது அனுபவசாலியோடு அதே இடத்துக்குப் போட்டி போட வேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் நிறையப் பெயர்கள் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

காயத்தையும் சொல்ல வேண்டும். சென்னைக்காரரான தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் எஃப்.சி. கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காகக் கோல் அடித்தார். அந்த வருடம் அந்தக் கிளப் இரண்டாவது முறையாகக் கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தை முழங்கால் காயம் விழுங்கிவிட்டது. அணியின் நடுநாயகமாக இருந்தவர் ஓரத்துக்குத் தள்ளப்பட ஒரு தசைநார் போதும்.

பிடிக்கவில்லை என்றவுடன் ஆளைத் துரத்திவிட முடியாது என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தொழில்முறை ஒப்பந்தம் போட்டுவிட்டால் "ஃபார்ம் இல்லை" என்பது அதை முறிக்கக் காரணமாகாது. ஒப்பந்தம் இருபக்கத்தையும் கட்டும் என்பதுதான் ஃபிஃபா விதியின் அடிப்படை. நிலைபெற்ற தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் தன் கிளப்பின் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியிருந்தால், அதையே காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அவருக்கு வழி உண்டு. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு வெளியேறலாம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசலாம். கிளப் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆட அனுப்புவது), அல்லது "பரஸ்பர சம்மதத்தோடு" பிரிதல். ஏஜென்ட் இல்லாத, ஆங்கில ஒப்பந்தத்தைப் படித்துப் பழக்கமில்லாத பையன் அந்தப் பரஸ்பர சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் இன்னும் அவசியமாகக் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு பழைய சென்னையை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று லீக் ஆட்டங்களே நிறுவனங்களின் பெயரில் நடந்த காலம். நல்ல ஆட்டக்காரருக்கு வேலை கிடைத்தது. முப்பது வயதில் அணியிலிருந்து நீக்கினாலும் திங்கட்கிழமை காலை அவர் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. இந்தியாவுக்காக ஆடிய சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கியில் ஆடி, பின்பு அங்கேயே பயிற்சியாளராகி, அப்புறம் சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சிக் குழுவுக்கு வந்தவர். அந்த ஏற்பாட்டில் ஆட்டத்தின் வேகம் குறைந்தது, தொழில்முறைக் கட்டுக்கோப்பு இல்லை என்ற குறை உண்மைதான். ஆனால் பட்டியலில் கடைசியாக இருந்தவருக்கும் அது சோறு போட்டது. இன்றைய கிளப் முறை முன்னணி வீரருக்கு முன்பு கனவிலும் வராத சம்பளத்தைக் கொடுக்கிறது. ஓரத்தில் இருப்பவருக்கு அது விரிப்பதற்கு எந்த வலையும் வைத்திருக்கவில்லை.

கிளப்பே ஆட்டம் கண்டால் எல்லோரும் ஓரத்து ஆட்கள்தான். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19இல் ஐ-லீக் சாம்பியன். 2020-21க்குப் பிறகு அந்த லீகில் அந்தப் பெயரே இல்லை. 2025 ஜூலையில் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. நாட்டின் பெரிய நட்சத்திரங்களே தவித்த மாதங்களில், முப்பத்தைந்தாவது ஆளாக இருந்தவரின் வீட்டு வாடகையைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.

சரி, தேர்வாளர்களின் கண் அவ்வளவு நம்பகமானதா? பதினாறு வயதில் சின்ன உருவம் என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே அனுப்பிவிட்ட ஜேமி வார்டி, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்மட்ட லீகுகளில் ஆடி, 2015-16இல் லெஸ்டர் சிட்டிக்காக 24 லீக் கோல் அடித்துக் கோப்பையைத் தூக்கினார். இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தக் கீழ்மட்ட லீகுகள்தான். அனுப்பப்பட்ட பிறகும் ஆட ஒரு அணி, வாராவாரம் ஒரு ஆட்டம் அவருக்கு இருந்தது. செங்கல்பட்டிலோ கல்பாக்கத்திலோ கோவளத்திலோ அனுப்பப்பட்ட பையனுக்கு வருடத்தில் சில மாத லீக், மற்ற நாட்களில் நாக்-அவுட் டோர்னமென்ட் என்றுதான் இருக்கிறது. தாமதமாக வளர்கிற உடம்பு வளரும்வரை காத்திருக்க இடமில்லை.

வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். பதின்மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது அரை அடி உயரமாகக்கூட இருக்கலாம். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை வைத்து இந்தச் சாய்வை 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கிலாந்து அகாடமிகள் சில ஆட்டங்களில் வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆட வைத்துப் பார்க்கின்றன. நம்மூரில் இதோடு வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கட்டு எக்ஸ்-ரே சோதனை வந்தும் அது முழுவதும் ஒழியவில்லை. வயதை மறைத்து உள்ளே வரும் ஒவ்வொருவனும் உண்மையான பதின்மூன்று வயதுக்காரன் ஒருவனை வெளியே தள்ளுகிறான்.

ஆகவே முடிவுகள் தவறும். தவறாத முறை உலகில் எங்கும் இல்லை, அதற்காக அகாடமிகளைத் திட்டுவதில் நியாயமில்லை. எல்லோரையும் வைத்துக்கொண்டால் புதிதாக ஒருவனும் உள்ளே வர முடியாது. கேட்க வேண்டியது, எப்படி அனுப்புகிறார்கள் என்பதை. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கிளப் 2022இல், தான் விடுவிக்கும் 18 முதல் 23 வயது இளைஞர்களுக்கு மூன்று வருடப் பின்தொடர் உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தது. படிப்பு, வேலை, வேறு கிளப், மனநலம் எல்லாம் அதில் அடக்கம். நம் அகாடமிகளிடம் அவ்வளவு பணம் இல்லாமல் இருக்கலாம். பையனையும் பெற்றோரையும் நேரில் உட்காரவைத்து, "இந்த இடத்துக்கு எங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள், உன் இடது கால் இன்னும் தேறவில்லை, இந்தக் கிளப்பில் பேசிப் பார்க்கிறோம்" என்று அவன் மொழியில் சொல்ல ஒரு பைசா செலவில்லை. வாட்ஸ்அப் செய்தியில் முடிப்பதும், அடுத்த முகாமுக்கு அழைக்காமலேயே விட்டுவிடுவதும், பதினைந்து வயதுப் பையனுக்குச் செய்கிற அநியாயம்.

இந்தக் கடற்கரையில் இன்னும் அகாடமிகள் வரும். வரட்டும். பெற்றோர் செய்ய வேண்டியது, சேர்க்கும் அன்றே "அனுப்பினால் எப்போது, யார், எப்படிச் சொல்வீர்கள்" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் பதிவு முறையான சி.ஆர்.எஸ். பதிவிலிருந்து விடுவிப்பு எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள், அது இல்லாமல் பையன் வேறு அணிக்குப் பதிவாக முடியாது. அகாடமி நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முடிவை மே மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளிகள் திறக்கின்றன. மாற்றுச் சான்றிதழோடு அவன் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும்.