ஜி.ஐ. குழாயும் கால்வானியும்

தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, வேலிக் கம்பி ஆகியவற்றை வாங்கும்போது கடைகளில் வழங்கும் ‘ஜி.ஐ.’ என்பது, துத்தநாகம் பூசிய இரும்பைக் குறிக்கும் ‘கால்வனைஸ்டு அயர்ன்’ என்பதன் சுருக்கம்; அதன் முதற்சொல், இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூறியல் கற்பித்த லூயிஜி கால்வானி (1737–1798) என்பவரின் குடும்பப் பெயரிலிருந்து பிறந்தது.

இறந்த தவளையின் கால்களைத் தண்டுவடத்தோடு பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பித் தடுப்பில் தொங்கவிட்டபோது அவை துடிப்பதைக் கண்ட கால்வானி, உயிருடலிலேயே மின்சாரம் உறைகிறது என்று முடிவு செய்து 1791இல் நூலாக வெளியிட்டார். அலெசாண்ட்ரோ வோல்டாவோ, ஈரத்தின் வழியே இணைந்த இரு வேறு உலோகங்களே மின்னோட்டத்துக்குக் காரணம் என்று மறுத்து, அதை மெய்ப்பிக்கும் வகையில் 1800இல் மின்கலத்தை உருவாக்கினார். நரம்புகளில் மின்குறிப்புகள் ஓடுவது பின்னாளில் உறுதியானதால், கால்வானியை முற்றிலும் தவறியவர் என்று ஒதுக்குவது நியாயமன்று.

இரும்புக்குத் துத்தநாகம் பூச, பிரான்சின் சோரெல் என்பவர் 1837இல் காப்புரிமை பெற்ற முறையில், அமிலத்தில் துருநீக்கிய இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கின்றனர். எல்லையில் இரு உலோகங்களும் கலந்து படலம் படலமாக இறுகிப் பிடிக்க, மேற்பரப்பில் பனிப்பூப் போன்ற படிகக் கோலம் படர்வதைப் புதுத் தகடுகளில் கண்ணாலேயே காணலாம். மின்சாரமே செலுத்தப்படாத இந்த வேலைக்குக் கால்வானியின் பெயர் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்ட இடத்தில் ஈரம் படும்போது, அங்கே ஒரு நுண்ணிய மின்கலம் உருவாகி, எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. பெயின்ட் பூச்சு காற்றையும் நீரையும் தடுப்பதோடு நின்றுவிடுவதால், ஒரு கீறலிலேயே அதன் அடியில் துரு பரவத் தொடங்கும். பொலோனியாவில் தவளைக் காலைத் துடிக்கவைத்த இரு உலோகச் சேர்க்கையே துத்தநாகப் பூச்சிலும் தொழிற்படுவதால், பெயர் மிகப் பொருத்தமானதே.

ஆனால் ஜி.ஐ. குழாயைச் செம்புக் குழாயோடு நேரடியாகப் பொருத்தினால், இதே மின்வினை பாதகமாகத் திரும்பி, இணைப்பருகே துத்தநாகத்தை விரைவில் தின்று, பின் இரும்பையும் அரிக்கும். ஆகவே அவ்விரண்டுக்கும் இடையே மின்கடத்தா இணைப்பைப் பொருத்துவது அவசியம்.