ஊரடங்கிலும் உறவைப் பார்க்க உரிமை இருந்தது

இங்கிலாந்தில் 2020 மார்ச் 26 அன்று கொரோனா ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தக்க காரணமின்றி வீட்டைவிட்டு வெளியேறுவதே குற்றமானது. தனியே வாழும் தாயைச் சும்மா பார்த்துவரப் போவது அந்தக் காரணங்களில் சேரவில்லை. ஆனால், அதே சட்டத்தில் விலக்குகளும் இருந்தன. தடையை மட்டும் அறிந்து விலக்கை அறியாமல் போனால், உதவி தேவைப்படும் முதியவர்தான் கைவிடப்படுகிறார்.

என்னென்ன உரிமைகள்?

முதியோர், நோயுற்றோர் போன்றவர்களைக் கவனித்துக்கொள்ளத் தொடக்கம் முதலே போக முடிந்தது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளைகள் இரு வீடுகளுக்கும் வழக்கம்போல் போய்வர முடிந்தது. வீட்டில் அடி உதை என்றால் தப்பி வெளியேற முடிந்தது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

2020 ஜூன் 13 முதல் ‘சப்போர்ட் பபிள்’ வந்தது. தனியாக வாழ்பவரோ, சிறு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாயோ தந்தையோ வேறொரு வீட்டாருடன் சேர்ந்து ஒரே குடும்பம்போல் பழகலாம், இரவு தங்கலாம் என்றிருந்தது. டிசம்பரில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீடுகளுக்கும் இது கிடைத்தது.

எங்கே கவனம் வேண்டும்?

இணைய முடிந்தது ஒரே ஒரு வீட்டுடன்தான். மூத்த மகன் வீட்டோடு இணைந்த தாய், இளைய மகள் வீட்டோடும் இணைய முடியவில்லை. இரண்டு வீடுகளோடும் இணைந்தால் தொற்று மூன்று வீடுகளுக்கும் பரவக்கூடும். ஒருவருக்கு அறிகுறி தென்பட்டாலும் இணைந்திருந்த எல்லோரும் தனிமைப்பட வேண்டியிருந்தது.

விதிகள் திடீரென மாறும். கிறிஸ்துமஸுக்கு மூன்று வீட்டார் ஐந்து நாள் கூடலாம் என்றிருந்த சலுகை, டிசம்பர் 19 அன்று ஒரே நாளாகச் சுருங்கியது. லண்டனில் அதுவும் இல்லை. ஊரடங்குக் காலத்தில் கிளம்புமுன் அன்றைய விதியை அரசு இணையதளத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அபராதம் விதித்தால்?

2021 தொடக்கத்தில் முதல் மீறலுக்கு 200 பவுண்டு. மீண்டும் மீண்டும் மீறினால் இரட்டிப்பாகி 6,400 வரை போனது. ஆனால் அபராதச் சீட்டு தீர்ப்பல்ல. தவறு செய்யவில்லை என்றால் பணம் கட்டாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாதாடலாம். அங்கே தோற்றால் குற்றவாளி எனத் தீர்ப்பாகும் என்பதால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். யாரை, எதற்காக, எப்போது பார்க்கப் போனீர்கள் என்று குறித்துவையுங்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் கையில் வைத்திருங்கள்.

எந்த விதி மீறப்பட்டது என்று காவலரிடம் பணிவாகக் கேளுங்கள். அரசின் அறிவுரை வேறு, சட்டம் வேறு. இரண்டு மீட்டர் இடைவெளி பொதுவான அறிவுரையாகவே இருந்தது. அதை மீறியதற்காக மட்டும் அபராதம் இருக்கவில்லை.

இனியொரு ஊரடங்கு வந்தால் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். வீட்டுப் பெரியவருக்கும் அதைப் படித்துச் சொல்லுங்கள்.