ஹோவர்ட் ஹாக்ஸ் செட்டுக்கு ஒரு எட்டு!

காதரின் ஹெப்பர்னின் காலணிக்கு அடியில் பிசின் தூள் தடவியிருக்கிறார்கள். கால் வழுக்கிவிடக் கூடாது. ஏனென்றால் பக்கத்தில் உலவுவது நிஜச் சிறுத்தை! பெயர் நிஸ்ஸா. கேமராவில் படாத இடத்தில் பயிற்சியாளர் ஓல்கா செலஸ்ட் சாட்டையோடு நிற்கிறார். 1937, ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ, 'பிரிங்கிங் அப் பேபி' படப்பிடிப்பு. ஹெப்பர்னுக்குத் துளிப் பயம் இல்லை, சிறுத்தையைத் தடவிக் கொடுக்கிறார். கதாநாயகன் கேரி கிராண்டோ அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவரும் சிறுத்தையும் ஒன்றாகத் தெரியும் இடங்களில் பெரும்பாலும் டூப், இல்லாவிட்டால் ட்ரிக் ஷாட்.

ஒருநாள் ஹெப்பர்னின் உடை அழகாகச் சுழலட்டும் என்று கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைத் தைத்திருந்தார்கள். அவர் சட்டென்று திரும்ப, உடை சுழல, சிறுத்தை அவர் முதுகைப் பார்த்துப் பாய்ந்துவிட்டது. ஓல்காவின் சாட்டைதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகும் ஹெப்பர்ன் அடங்கினாரா? ஒரு பொம்மைச் சிறுத்தையை எடுத்துப்போய், கிராண்டின் ஒப்பனை அறைக்குள் கூரையின் காற்றுத் துளை வழியாகப் போட்டுவிட்டார். கிராண்ட் வெளியே பறந்து வந்த வேகத்தைப் பிற்காலத்தில் ஹெப்பர்ன் தன் சுயசரிதையில் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்.

இத்தனை பேரையும் கட்டி மேய்த்தவர் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், ரேஸ் கார் ஓட்டியவர், விமானமும் ஓட்டியவர். அவர் எடுத்த படங்களைப் பாருங்கள்: தாதா கதை, விழுந்து விழுந்து சிரிக்கும் காமெடி, துப்பறியும் கதை, கௌபாய் படம், ஆட்டமும் பாட்டுமான படம், எகிப்து பாரோ கதை, ஆப்பிரிக்கக் காட்டுக் கதை. எல்லாம் ஒரே ஆளா? ஒரே ஆள்தான்! செட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஆச்சரியம் இன்னும் கூடும். எந்த வகைப் படமானாலும் அவர் செய்தது ஒன்றுதான். தாளில் இருப்பதை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கு அந்த இடத்தில் என்ன முளைக்கிறதோ அதைப் பிடித்துப் படத்தில் போட்டுவிடுவார். எனக்கு அவர் மேல் பித்துப் பிடித்ததே இதனால்தான்.

1932-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' என்ற தாதா படத்தில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால் திரையில் எங்காவது ஒரு பெருக்கல் குறி தெரியும். புதுப் புதுக் குறிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்குக் காசு என்று ஹாக்ஸ் அறிவிக்க, யூனிட்டே மூளையைக் கசக்கியிருக்கிறது. ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுடும் காட்சியில் கூரைச் சட்டங்களில் ஏழு பெருக்கல் குறிகள்! பவுலிங் விளையாடும் நடிகர் போரிஸ் கார்லாஃப் குண்டடி படுவது இன்னும் அபாரம். மதிப்பெண் தாளில் ஒரு குறி விழுகிறது, அவர் உருட்டிவிட்ட பந்து எல்லாக் கட்டைகளையும் சாய்க்கிறது, கடைசிக் கட்டை மட்டும் சுற்றிச் சுற்றி ஆடி விழுகிறது. ஆள் விழுவதை நாம் பார்ப்பதே இல்லை.

அடுத்து, என் செல்லப் படம்: 1940-ல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'. மூல நாடகமான 'தி ஃப்ரண்ட் பேஜ்'-ல் பத்திரிகை ஆசிரியரும் நிருபரும் ஆண்கள். ஒருநாள் அந்த நிருபரின் வசனத்தை ஒரு பெண் வாசிக்கக் கேட்டார் ஹாக்ஸ். அடடா, இது இன்னும் நன்றாக இருக்கிறதே! நிருபர் பெண்ணாகிவிட்டார், அதுமட்டுமா, ஆசிரியரின் முன்னாள் மனைவியும் ஆகிவிட்டார். அந்த வேடத்துக்குப் பல நட்சத்திரங்கள் மாட்டேன் என்ற பிறகுதான் ரோசலிண்ட் ரஸ்ஸலுக்கு வாய்ப்பு வந்தது. தன்னைவிட, ஆசிரியராக நடித்த கேரி கிராண்டுக்கே நல்ல வசனங்கள் இருப்பதாக அவருக்குப் பட்டது. சும்மா இருப்பாரா? சொந்தக் காசில் ரகசியமாக ஒரு விளம்பர எழுத்தாளரை அமர்த்திக்கொண்டு, தினமும் புது வசனத்தோடு செட்டுக்கு வந்தார். ஹாக்ஸ்தான் அந்த இடத்தில் தோன்றுவதையெல்லாம் பேச விடுகிறவராயிற்றே! விஷயத்தை மோப்பம் பிடித்த கிராண்ட், இன்றைக்கு என்ன கொண்டுவந்தாய் என்று காலையிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கதைப்படி ஒரு பாத்திரத்தை அடையாளம் சொல்ல வேண்டும். சினிமாவில் வருவாரே ரால்ஃப் பெல்லமி, அவர் மாதிரி இருப்பார் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாத்திரத்தில் நடித்ததே ரால்ஃப் பெல்லமிதான்!

அந்தப் படத்தில் ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் நமக்கு எதுவும் தப்பாது. ரகசியம் எழுத்தில் இருக்கிறது. வசனத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கதைக்குத் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து எழுதச் சொன்னார் ஹாக்ஸ். குரல்கள் மோதிக்கொள்வது அந்த உதிரிச் சொற்களில்தான். விஷயம் நடுவில் பத்திரம்.

அப்புறம் அந்தப் பார்வை! ஒரு பத்திரிகை அட்டையில் லாரன் பகாலைப் பார்த்து, இந்தப் பெண்ணைக் கவனியுங்கள் என்று ஹாக்ஸிடம் காட்டியவர் அவர் மனைவி ஸ்லிம். 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' படப்பிடிப்பின்போது பகாலுக்கு வயது 19. கேமரா ஓடியதும் தலை நடுங்குகிறது. நடுக்கத்தை மறைக்க மோவாயை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டு, கண்களை மட்டும் உயர்த்திக் கதாநாயகன் ஹம்ப்ரி போகார்ட்டைப் பார்த்தார். உலகமே மயங்கிய அந்தப் பார்வை நடுக்கத்தில் பிறந்தது! விசிலடிக்கத் தெரியுமல்லவா என்று பகால் கேட்கும் புகழ்பெற்ற வசனம்கூட, முதலில் அவருடைய ஸ்கிரீன் டெஸ்ட்டுக்காக ஹாக்ஸ் எழுதியது. மிகவும் பிடித்துப்போய்ப் படத்தில் சேர்த்தார்கள். செட்டிலேயே போகார்ட்டும் பகாலும் காதலில் விழுந்தார்கள். 1945 மே மாதம் கல்யாணம்.

அந்த ஜோடி ரசிகர்களை அப்படிக் கிறங்கடித்ததால், எடுத்து முடித்திருந்த 'தி பிக் ஸ்லீப்' என்ற துப்பறியும் படத்திலேயே இருவருக்கும் புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்து 1946-ல் வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். அதன் கதைச் சிக்கல் தனிப் புராணம். கார் டிரைவரைக் கொன்றது யார் என்று செட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்கே டெலிகிராம் பறந்தது. அவருக்கும் தெரியவில்லை! போகட்டும் என்று படத்தை எடுத்து முடித்தார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் கேள்வி நம்மை உறுத்துவதே இல்லை. ஒவ்வொரு காட்சியும் அத்தனை ருசி.

எல்லாவற்றையும் அவரே எடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் மர்லின் மன்றோ ரோஜா நிற உடையில் ஆடும், வைரங்களைப் பற்றிய பாட்டு ஹாக்ஸ் எடுத்ததல்ல. பாடல் காட்சிகளை நடன இயக்குநர் ஜாக் கோலிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆனால் 'ஹடாரி' படப்பிடிப்பில் ஒரு நாளையும் அவர் யாரிடமும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்! 65 வயதை நெருங்கும்போது கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவுக்கு யூனிட்டோடு போய் இறங்கினார். எந்த மிருகம் எப்போது கிடைக்கும் என்று யார் எழுதிவைக்க முடியும்? கிடைப்பதற்கேற்பக் கதை வளர்ந்தது. ஜான் வெய்ன் லாரியின் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, கையில் சுருக்குக் கம்போடு நிஜக் காண்டாமிருகத்தைத் துரத்துகிறார். பிடித்த மிருகம் கயிற்றை உதறிக்கொண்டு ஓடிவிட்டது. மறுபடி பாய்ந்து பிடித்தார்கள். அதுவும் படத்தில் இருக்கிறது. சக நடிகர் ஹார்டி க்ரூகருக்கோ படம் முடிந்தும் மனம் அந்த மண்ணைவிட்டு வரவில்லை. படப்பிடிப்பு நடந்த மொமெல்லா பண்ணையை விலைக்கு வாங்கி, அங்கேயே பல வருடங்கள் வாழ்ந்தார்.